‘நாடு’ என்ற கட்டம்

பெரம்பலூர்ப் பக்கம் கடந்த இருபது வருடத்தில் மாடி வீடு கட்டியவர்கள் காத்தாயியின் குரலைக் கேட்டிருப்பார்கள். தளம் போடும் நாளில் கலவை இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி, “ஜல்லி பத்தல, தண்ணியக் கொறை, அங்க யாரு நிக்கறது” என்று கேட்குமே, அந்தக் குரல். பதினாறு பெண்களும் நான்கு ஆண்களும் கொண்ட கான்கிரீட் செட்டுக்கு அவள்தான் தலைமை. புடவைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரிகள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் பிறந்தது கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரு காலனித் தெருவில். அப்பா செல்லமுத்துவும் அம்மா பாப்பாத்தியும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கி, கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். காத்தாயி ஐந்தாவது வரை படித்தாள். பிறகு அம்மாவோடு வயலுக்குப் போனாள். பத்தொன்பதாவது வயதில் கட்டட வேலைக்கென்று பெரம்பலூர் வந்தாள். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தவராசாவைப் பார்த்தாள்.

தவராசா மன்னார்க்காரர். தொண்ணூறாம் வருடம், பதினான்கு வயதில், தாயோடு படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் அகதி முகாமில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அதிகம் பேசமாட்டார். கூரையில் தூரிகை வைத்தால் கீழே ஒரு சொட்டு விழாது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் தனக்குப் பிடித்துப்போனது என்று காத்தாயி பிற்பாடு சொல்வாள்.

அண்ணன் மதுரைவீரன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஊரு பேரு தெரியாதவனக் கட்டிக்கிட்டு அகதியாப் போவப்போறியா?” என்று சத்தம் போட்டான்.

“ஊரு பேரு தெரியும். மன்னாருன்னு சொல்லிருக்காரு. அங்க போவ முடியாது, அவ்வளவுதான்” என்றாள் காத்தாயி. “நான் ஏன் அகதியாவணும்? நான் எங்கிருந்தும் வரலியே.”

திருமழபாடி கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். முகாமில் பத்துக்குப் பத்து வீட்டில் குடித்தனம். இரண்டாயிரத்து மூன்று அக்டோபரில் சுகன்யா பிறந்தாள். இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் தமிழ்மாறன். இரண்டு பிரசவமும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில்தான்.

பிள்ளைகள் பிறந்ததும் முகாம் பதிவேட்டில் தகப்பன் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரையும் ஏற்றினார்கள். காத்தாயியின் பெயரை ஏற்றவில்லை. அவள் இந்தியாக்காரி. “என்னைய எழுதல, எம்புள்ளைவள மட்டும் ஏன் எழுதறீங்க?” என்று அவள் கேட்டாள். எழுத வந்தவர் பதில் சொல்வதற்கு முன் தவராசா அவள் கையைப் பிடித்தார். “எழுதட்டும். புள்ளையளுக்கு அரிசி வரும், உதவித்தொகை வரும்” என்றார். அன்றைக்குக் காத்தாயி வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் தான் வாயை மூடியது அந்த ஒரு நாள்தான் என்றும், அதற்குத்தான் இவ்வளவு அலைச்சல் என்றும் இப்போது சொல்கிறாள்.

தேர்தல் வந்தால் மட்டும் அவள் காலையிலேயே பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பிறந்த ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். விரல் மையை முகாமில் எல்லோருக்கும் காட்டுவாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து செப்டம்பரில் வெளிநாட்டவர் தொடர்பான புதுச் சட்டம் நடப்புக்கு வந்தது. முகாமில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். விசா இல்லாமல் தங்கியவர்களுக்கு அபராதம் லட்சக்கணக்கில் போகும் என்றார் ஒருவர். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் ஜெயில் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் தவராசா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இன்னொரு செய்தி வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து ஜனவரி ஒன்பதுக்கு முன்னால் வந்து, பதிவு செய்துகொண்டு தங்கியிருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனைகள் கிடையாது. தவராசா அன்றைக்கு ஒரு கிலோ கோழிக்கறி வாங்கி வந்தார்.

அக்டோபரில் சுகன்யாவின் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். காத்தாயி வேலை நடந்த இடத்திலிருந்து அப்படியே, சட்டையில் சிமெண்டு காயாமல், பஸ் பிடித்துப் போனாள்.

அலுவலகத்தில் வளர்மதி என்ற எழுத்தர் இருந்தாள். கெட்ட பெண் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

“புது ரூல் வந்திருக்குங்கம்மா. வெளிநாட்டுப் பசங்க யாராவது படிச்சா விவரத்தை ஆன்லைன்ல ஏத்தணும். ஆதார்ல முகாம் அட்ரஸ் இருக்கு. போன வருசம் நாங்க கவனிக்கல. வெளிநாட்டு மாணவர்னா பீஸும் வேற. மூணு பங்கு வரும். இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டலன்னா ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிருக்காங்க.”

“எம்மவ எந்த வெளிநாடுங்க?”

“ஸ்ரீலங்கான்னு முகாம் கார்டுல இருக்கே.”

“அவ அந்த ஊர டிவியிலதான் பாத்துருக்கா. இங்க இருக்கற ஆஸ்பத்திரில பொறந்தா. நான் பழுவூர்க்காரி.”

வளர்மதி குரலைத் தாழ்த்தினாள். “நீங்க சொல்றது புரியுதும்மா. ஒரு வழி சொல்றேன். குடியுரிமை கேட்டு ஆன்லைன்ல விண்ணப்பம் போடுங்க. அதுக்கு ஒரு கட்டணம் உண்டு. அந்த ரசீதைக் கொண்டாந்தீங்கன்னா நான் மேல பேசிப் பாக்கறேன்.”

அடுத்த நாள் கம்ப்யூட்டர் சென்டரில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். சுகன்யாவே தட்டினாள். அவளுக்குச் சண்டை போடப் பிடிக்காது, தகப்பனைப் போல. பரீட்சை எழுதினால் போதும், டீச்சர் வேலைக்குப் போனால் போதும். தன் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் பெரம்பலூர் என்று அடித்துக்கொண்டே வந்தாள். ‘தற்போது குடியுரிமை உள்ள நாடு’ என்ற கட்டம் வந்தது. இலங்கை என்று தேர்ந்தெடுத்தாள்.

“என்னா போட்ட?” என்றாள் காத்தாயி.

“சிலோன்னு போட்டாத்தாம்மா அடுத்த பக்கத்துக்கே போவுது.”

“போடு. நான் தடுக்கல. கையெழுத்து உன்னோடது. தாயோட நாடுன்னு கேக்குமே, அங்க என்னா போடுவ?”

சுகன்யா பக்கத்தைக் கீழே தள்ளினாள். அந்தக் கட்டமும் இருந்தது. இந்தியா என்று அடித்தாள். அடித்துவிட்டு இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறந்த இடமும் இங்கே, பெற்றவளும் இங்கே. நடுவில் தான் மட்டும் எப்படி இன்னொரு நாட்டிலிருந்து விண்ணப்பம் போடுகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரரிடம், “அண்ணா, இதை மூடிருங்க, அனுப்ப வேணாம்” என்றாள்.

வீட்டில் தவராசா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இவ்வளவு காலம் இருக்க விட்டிருக்கிறாங்கள் காத்தாயி. இப்பதான் தண்டனையும் இல்லை எண்டு சொல்லியிருக்கிறாங்கள். நீ போய்க் கேள்வி கேட்டால் அவங்கட கண்ணில படுவம். என்ர தாய் சாகும்வரைக்கும் சொன்னது அது ஒண்டுதான், கண்ணில படாம இருங்கோ எண்டு.”

“மாசாமாசம் வரிசையில நிக்கவச்சி எண்ணிக்கிட்டுத்தான இருக்காங்க. இன்னும் என்னாங்க கண்ணுல படறதுக்கு இருக்கு?”

“பதிவில இருந்து பேரை எடுத்தால் அவளுக்கு வாற உதவித்தொகை நிக்கும்.”

“நிக்கட்டும். ரெண்டு தளம் சேத்துப் போட்டுக்கறேன்.”

கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதித் தரும் ராசாங்கத்திடம் போனாள். ராசாங்கத்துக்கு ஒரு காலத்தில் அவள்தான் மாடிப்படிக்குக் கான்கிரீட் போட்டாள். அவர் பழைய சட்டப் புத்தகம் ஒன்றைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“இந்தா பாரு காத்தாயி. எண்பத்தேழு ஜூலை ஒண்ணாந்தேதியிலேருந்து ரெண்டாயிரத்து நாலு டிசம்பர் மூணாந்தேதிக்கு முன்னாடி வரைக்கும் இங்க பொறந்த புள்ளைக்கு, தாய் தகப்பன்ல ஒருத்தர் இந்தியாக்காரங்களா இருந்தாப் போதும். புள்ள பொறக்கும்போதே குடிமகதான். யாருகிட்டயும் கேட்டு வாங்க வேண்டியதில்ல. உன் பொண்ணு எந்த வருசம்?”

“ரெண்டாயிரத்து மூணு.”

“அப்ப அவ விண்ணப்பம் போடவே கூடாது. போட்டா, நான் வெளியாளுன்னு அவளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “பையன் எந்த வருசம்?”

“ஆறு.”

ராசாங்கம் புத்தகத்தை மூடினார். “அதுக்கப்பறம் சட்டத்த மாத்திட்டாங்க. தாய் இந்தியாக்காரியா இருந்தா மட்டும் பத்தாது, தகப்பன் அனுமதியில்லாம வந்தவரா இருக்கக் கூடாதுன்னு. பையனுக்கு இந்த வழி இல்ல.”

“ரெண்டு பேரும் ஒரே வயித்துலதாங்க இருந்தாங்க” என்றாள் காத்தாயி. பிறகு, “சரி, மொதல்ல இவளோடத எழுதுங்க” என்றாள்.

திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் அலுவலக மாடிக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி மனுவை வாசித்தார். மரியாதையானவர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவளை உலுக்கிவிட்டது.

“உங்க பொண்ணு இந்தியர்னு சொல்றீங்க, நீங்க இந்தியர்ங்கறதால. நீங்க இந்தியர்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

வாக்காளர் அட்டையை நீட்டினாள். அது போதாது என்றார். ஆதாரை நீட்டினாள். அதில் முகாம் முகவரி இருந்தது. “நீங்களே முகாம்லதான இருக்கீங்க” என்றார். பிறப்புச் சான்றிதழ் கேட்டார். பாப்பாத்தி அவளைப் பெற்றது ஓலைக் கூரைக்குக் கீழே. அதை யார் எழுதி வைத்தார்கள்?

“எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார் அதிகாரி கடைசியில். “புதுச் சட்டத்துலதான் உங்க எல்லாருக்கும் விலக்குக் குடுத்தாச்சே. முன்னாடியே வந்தவங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பட்டியல்லயே இருந்துட்டுப் போகட்டும்.”

“வந்தவங்களுக்குத்தான சார் விலக்கு? எம்மவ வரலியே. பொறந்தா.”

அந்த அறையில் இருந்த மற்ற மூன்று எழுத்தர்களும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

அந்த வாரமே ஊருக்குப் போனாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது அம்பிகா என்பவர் தலைமையாசிரியை. விஷயத்தைக் கேட்டதும் அவர் பீரோவைத் திறந்து, எண்பத்தைந்தாம் வருடச் சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். அரை மணி நேரம் தேடி ஒரு வரியில் விரலை வைத்தார். காத்தாயி, தந்தை செல்லமுத்து, தொழில் கூலி. பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பாதிப்பேர் ஜூன் ஒன்றில் பிறந்திருந்தார்கள். வருடம் மட்டும் சரி, எண்பது. கடைசியில் அங்க அடையாளம்: வலது முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு.

காத்தாயி சட்டைக் கையை மேலே ஏற்றினாள். நெல் அவிக்கிற அண்டா சாய்ந்து சுட்ட இடம் இன்னும் வெளிறிப்போய், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அம்பிகா டீச்சர் தழும்பைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். “இதுக்கு மேல என்னங்க ஆதாரம் வேணும்?” என்று சொல்லிச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.

பள்ளிக்கூட வாசலில் மதுரைவீரன் நின்றான். தங்கை எதற்கு வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருபத்துநாலு வருடமாக ரெண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை. “சாட்சி சொல்ல ஆளு வேணுமாமே” என்றான். “கூடப் பொறந்தவன் நான் இருக்கேன். எங்க வந்து கையெழுத்துப் போடணும்?” இருவரும் ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் வந்தார்கள். டிக்கெட்டை யார் எடுப்பது என்று மட்டும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மனு ஏற்கப்பட்டு விசாரணைக்குப் போனது. ஆனால் மாசக் கடைசி வந்துவிட்டது. கல்லூரி ஹால் டிக்கெட் தரவில்லை. விசாரணையில் இருப்பதாகக் கொடுத்த கடிதத்தையும் வாங்கவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காத்தாயியின் செட்டுப் பெண்கள் பதினாறு பேரும் கல்லூரி முகப்பில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோர் மேலும் சட்டை, சட்டை மேல் சிமெண்டு. தூக்குவாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். காவலாளி வந்து என்ன என்று கேட்டதற்குப் பொன்னாயி என்ற மூத்தவள், “ஹால் டிக்கெட்டுக்கு ஒக்காந்துருக்கோம்” என்றாள். “ஒங்களுக்கா?” என்றான். “எங்களுக்குத்தான். எங்க புள்ளைக்குன்னா எங்களுக்குத்தான்” என்றாள். யாரும் கோஷம் போடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். மாணவிகள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். நாலரை மணிக்கு வளர்மதி வந்து ஹால் டிக்கெட்டைச் சுகன்யா கையில் கொடுத்தாள். தாமதக் கட்டணம் என்று ஒரு சீட்டையும் சேர்த்து நீட்டினாள்.

காத்தாயி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “நாங்க தாமதம் பண்ணலீங்க. தேதிக்கு முன்னாடியே வந்துட்டோம். நீங்கதான் குடுக்கல.”

வளர்மதி உள்ளே பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். “போயி நல்லா எழுதுடா” என்றாள் சுகன்யாவிடம்.

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் உத்தரவு வந்தது. சுகன்யா பிறப்பால் இந்தியக் குடிமகள். முகாம் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீக்கப்படுகிறது. கல்லூரி பழைய கட்டணத்தையே ஏற்றுக்கொண்டது. தவராசா அந்தத் தாளை வாசலில் நின்று மூன்று தடவை வாசித்தார்.

“அப்ப இந்த வீட்டில நீயும் மகளும் இந்தியா. நானும் மகனும் சிலோன்” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தமிழ்மாறன் பாலிடெக்னிக் கடைசி வருடம். அக்காவின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லதுதானப்பா. ஒருத்தராவது தாண்டிட்டமுல்ல” என்றான். அவன் சொன்ன விதம் தவராசா சொல்வது போலவே இருந்தது. கிடைத்தது போதும் என்கிற குரல். அதுதான் காத்தாயியைச் சுட்டது.

“இந்த பாகப்பிரிவினைய நான் ஒத்துக்கல” என்றாள். “திங்கக்கெழம நீ காலேஜுக்கு லீவு சொல்லு.”

திங்கட்கிழமை மறுபடியும் அதே மாடி, அதே அதிகாரி. ராசாங்கம் எழுதிய மனுவை அவர் படித்து முடித்தார்.

“அம்மா, பொண்ணோடது வேற, பையனோடது வேற. தகப்பனார் அனுமதியில்லாம வந்தவர். சட்டம் எடம் கொடுக்காது.”

“ஒண்ணு கேக்கறேன் சார். போன செப்டம்பர்ல இவங்க இருக்கறது குத்தமில்ல, தண்டிக்க மாட்டோம்னு சொன்னீங்கள்ல. அப்ப எங்க வீட்டுக்காரரு சட்டப்படி இருக்காரா, சட்டத்துக்கு விரோதமா இருக்காரா?”

“தண்டனை கெடையாதுன்னுதான் சொல்லிருக்கு. மத்தது மேல முடிவாகணும்.”

“அப்ப மேல கேளுங்க. இல்ல, முடியாதுன்னா முடியாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்ன பதிலை எடுத்துக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போவ முடியாது.”

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், கைகட்டி நின்ற தமிழ்மாறனைப் பார்த்தார். “கையைக் கீழ போடுப்பா” என்றார். மனுவின் மேல் முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். “மேல அனுப்பறேன். எத்தனை மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

“எத்தனை மாசமானாலும் நாங்க இங்கதான் சார் இருப்போம்” என்றாள் காத்தாயி.

கீழே வேப்பமர நிழலில் நான்கு பெண்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு பேர் அவள் முகாம். ஒருத்தி அரும்பாவூரிலிருந்து வந்திருந்தாள், முகாம்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். நான்காமவள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பை. பைக்குள் பிறப்புச் சான்றிதழ்கள்.

அன்று மதியம் காத்தாயிக்கு ஒரு தளம் இருந்தது. பொன்னாயிக்குப் போன் போட்டு, கலவையை ஆரம்பிக்கச் சொன்னாள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். பிறகு மரத்தடியில் காலை மடக்கி உட்கார்ந்து, ராசாங்கத்திடம் வாங்கி வைத்திருந்த நோட்டைத் தமிழ்மாறனிடம் கொடுத்து எழுதச் சொன்னாள்.

“ஒவ்வொருத்தரா வாங்க” என்றாள். “மொதல்ல புள்ள பொறந்த தேதியச் சொல்லுங்க.”